சங்கிலிபூதத்தானை வரவழைக்கும் ஒற்றை வரி

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு மூன்றாவது மாடியில், பேருந்து முன்பதிவு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, கோகிலவாணி தன் கறுப்புத் திரையில் வழக்கமாக அடிக்கிற ஒற்றை வரியை அடித்து என்டரைத் தட்டினாள். பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, அறுநூற்றுச் சொச்சமாவது பெயரில் கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்தபோது, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் லுங்கியும் பனியனுமாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கன்னம் வழித்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. கையில் ரேசர்.

"இது எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"கோயம்புத்தூருங்க."

"நான் கோவில்பட்டில்லா" என்றார் அவர், தப்பு தன்னுடையது என்பதுபோல. கோகிலவாணி டிஷ்யூ காகிதத்தை எடுத்து நீட்டினாள். டீ கொண்டுவந்த மயிலாத்தாள், ஆள் ஒன்று கூடியிருப்பதைப் பார்த்து, இன்னொரு டம்ளர் எடுக்கத் திரும்பிப் போனாள்.

மென்பொருளை யாரும் முழுதாகத் தாங்களே எழுதுவதில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதிப் பொதுவில் போட்டுவைத்த சின்னச் சின்னத் துண்டுகளை, பேக்கேஜ் என்பார்கள், எடுத்து ஒன்றோடொன்று கோத்துத்தான் கட்டுகிறார்கள். எந்தத் துண்டு எதை நம்பி நிற்கிறது, அது வேறெதை நம்பி நிற்கிறது என்று மனிதமூளை கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் அது போய் அத்தனையையும் தேடித் திரட்டிக்கொண்டு வந்து இறக்கும். அந்தக் கட்டளையைக் கொடுப்பதுதான் ஏழு வருஷமாகக் கோகிலவாணியின் வேலை. முன்பெல்லாம் ஒருமுறை வந்தவற்றின் பிரதி கம்பெனி சர்வரிலேயே இருந்தது. இடம் போதவில்லை என்று போன வாரம்தான் யாரோ அதைத் துடைத்திருந்தார்கள். அதனால் அன்றைக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு துண்டுகளும் நேரே அவை பிறந்த இடத்திலிருந்து வந்தன. எண்ணூற்றுப் பதினொன்று எழுத்தாக வந்தன. ஒன்று ஆளாக வந்தது.

ஏன் இவர் மட்டும் இப்படி வந்தார் என்பதைப் பற்றி மதியச் சாப்பாட்டின்போது கொஞ்சம் பேசினார்கள். மற்றதையெல்லாம் பத்துப் பேர், ஐம்பது பேர், பெரிய கம்பெனிகள் சேர்ந்து எழுதியிருப்பார்கள், இது தனி ஆள் எழுதினது, பிரிச்செடுக்க வழியில்லை போலிருக்கிறது என்று மேனேஜர் நவநீதன் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, சாம்பாரில் உப்புக் கம்மி என்கிற பேச்சு ஆரம்பித்தது.

அவர் பெயர் ஊ. சங்கிலிபூதத்தான். கோவில்பட்டிப் பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டில் அவர் பெயர் 'சங்கிலி' என்று நின்றுபோனது, வாக்காளர் அட்டையில் 'பூத்' என்று முடிந்தது, கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் அவர் மனைவியின் பெயராகவே அவர் பெயர் ஏறியது. அந்தக் கோபத்தில் பதினாலு வருஷத்துக்கு முன்பு, தமிழ்ப் பெயரையும் இனிஷியலையும் சரியாகப் பிரித்துச் சரியாகச் சேர்க்கிற இருநூறு வரியை எழுதி, 'பெயர்பிரி' என்று பெயர் வைத்துப் பொதுவில் போட்டார். அதைச் சென்னையில் ஒருவன் எடுத்துத் தன் துண்டில் சேர்த்தான், அந்தத் துண்டைப் பெங்களூரில் ஒருத்தி எடுத்தாள், அவளுடையதை அயர்லாந்தில் ஒருவன் எடுத்தான், இப்படியே போய், இன்றைக்கு எங்கே பேருந்துச் சீட்டு அச்சானாலும் அடியில் எங்கோ அவருடைய இருநூறு வரி ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவருக்கே அன்றைக்குக் கோகிலவாணி திரையில் காட்டியபோதுதான் தெரிந்தது. "இம்புட்டுப் பேரா!" என்று மட்டும் சொன்னார்.

கருவிக்குக் கொண்டுவரத் தெரியும். திருப்பிக் கொண்டுவிடத் தெரியாது. அதனால் நவநீதனின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சிங்காநல்லூரில் மதுரை பஸ் பிடித்து, மதுரையில் மாறி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை கோகிலவாணி மறுபடி கட்டளையை அடித்தாள், ஏனென்றால் அடித்தாக வேண்டும், அவர் மறுபடி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றார், இந்தத் தடவை விரலில் சோற்றுப் பருக்கையோடு. அந்த வாரத்தில் நாலு தடவை வந்தார். இரண்டு தடவைதான் வீடு போய்ச் சேர முடிந்தது. மற்ற இரண்டிலும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபடியே திரும்பி வந்தார்.

ஆபீஸ் அவரைப் பழகிக்கொண்டது. முதலில் கஷ்டப்பட்டவர் வாட்ச்மேன். ஆள் உள்ளே வந்ததாக நோட்டில் கையெழுத்தில்லை, வெளியே போவதாக மட்டும் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் பூதத்தான் ஒவ்வொரு தடவையும் முதலில் படியிறங்கிக் கேட்டுக்கு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து கையெழுத்துப் போட்டு, பிறகு வெளியே போவதற்கு இன்னொரு கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடானது. கழுத்தில் மாட்ட ஒரு அட்டை அடித்துக் கொடுத்தார்கள். கூப்பிட்டால் வருகிற பூதம் என்று பையன்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவந்து அவர் நிற்கிற இடத்தைக் காட்டினார்கள். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டு, அவர் வந்து இறங்குகிற அந்த டைல்ஸுக்கும் மயிலாத்தாள் ஒரு பொட்டு வைத்தாள்.

சேதி வெளியே போய், கீரணத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் திருப்பூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது, அவன் பெயரைக் கொஞ்சம் அடித்துப் பாருங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"அப்படி வரமாட்டாருங்க்கா" என்றாள் கோகிலவாணி. "அவரு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கணும். அது இல்லாம மத்தவங்களுக்கு ஓடாதுன்னு இருக்கணும்."

அந்தப் பெண் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவரில்லாம எல்லாம் நல்லாத்தானுங்க ஓடுது" என்றாள். போகும்போது லிஃப்டைக் கவனிக்காமல் மூன்று மாடியும் நடந்தே இறங்கிப் போனாள்.

பூதத்தான் தன் வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கோகிலவாணியிடம் மட்டும் சொன்னார். அவர் மனைவி வடிவுக்கு நாலு வருஷத்துக்கு முன்பு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் மஸ்கட்டில். குளிக்கவைக்க, ஊட்ட, வெயில்படத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் உட்காரவைக்க, இவர்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றார். "கமாண்டு அடிக்கதுக்கு முன்னால ஒரு போன் பண்ணிரும்மா. நான் எங்க நின்னாலும் வந்துருதேன், அதப்பத்தி இல்ல. அவளத் தூக்கிக்கிட்டு இருக்கும்போது மட்டும் கூப்பிட்டுராத."

"கண்டிப்பா சார். உங்களக் கேக்காம அடிக்கவே மாட்டேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் பதினொரு மணிக்குக் கட்டளை என்று திட்டம் போட்டு, மற்ற நாளில் சேருகிற வேலையையெல்லாம் அந்த நாட்களுக்குத் தள்ளினாள். பத்தரைக்குப் போன் செய்வாள். "வாரேம்மா, அஞ்சு நிமிசம்" என்பார். பக்கத்து வீட்டு அம்மாளை வடிவுக்குத் துணை வைத்துவிட்டு, துவைத்த சட்டை போட்டு, மஞ்சப்பையில் புளிச்சாதமும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு, வீட்டு நடுவில் நின்று, "ம், அடி" என்பார். அடுத்த நொடி இங்கே நிற்பார். போனுக்குப் பின்னால் சில நேரம் வடிவின் குரல் கேட்கும், வார்த்தை குழறி. "சீக்கிரம் வந்துரணுமாம், சொல்லுதா" என்று சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பார்.

சர்வரில் பழையபடி பிரதி வைத்துக்கொண்டால் இவரை இழுக்கவே வேண்டாமே என்று கோகிலவாணி நவநீதனிடம் இரண்டு தடவை கேட்டாள். வாடிக்கையாளரான பஸ் கம்பெனி எல்லாம் நேரே மூலத்திலிருந்துதான் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்றார் அவர். "அவரும் ஒண்ணும் வருத்தப்படலையே கோகி. டீ குடிக்கிறாரு, பஸ்ஸுல போறாரு. ரிட்டயர்டு ஆளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு." அவர் கெட்டவர் இல்லை. பூதத்தானுக்கு ஜன்னலோர சீட்டு கிடைக்கும்படி பஸ் கம்பெனியில் சொல்லிவைத்தவரும் அவர்தான்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பொங்கல் முன்பதிவு திறந்தது. திறந்த கால் மணியில், ஒரே சீட்டு இரண்டு பேருக்குப் பதிவாகிறது என்று தெரிந்தது. மாநிலம் பூராவும் கவுன்டர்களில் ஜனம் சத்தம் போட்டது. நவநீதனின் இரண்டு போனும் நிற்காமல் அடித்தன. பிழை என்ன என்று கண்டுபிடித்துத் திருத்தியாகிவிட்டது, இனி கோகிலவாணி அந்த ஒற்றை வரியை அடித்து மென்பொருளை மறுபடி கட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவள் கோவில்பட்டிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?" நவநீதன் பின்னால் வந்து நின்றார்.

"சார் எடுக்க மாட்டேங்கறாரு."

"அதனால?"

"ரெண்டு நிமிஷம் பார்க்கலாங்க. இன்னைக்கு வியாழக்கிழமை. அவரு எதிர்பார்த்திருக்க மாட்டாரு."

"கோகி, ரெண்டு நிமிஷத்துல ஆயிரம் சீட்டு டபுள் ஆகுது. ஆயிரம் குடும்பம் பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டுல அடிச்சுக்கும்."

மூன்றாவது தடவை செய்தாள். மணி முழுதாக அடித்தது. ஆபீஸ் மொத்தமும் எழுந்து அவள் மேஜையைச் சுற்றி நின்றது; நவநீதன்கூட அதற்குமேல் அவசரப்படுத்தவில்லை. குளித்துக்கொண்டிருப்பார், கடைக்குப் போயிருப்பார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று கோகிலவாணி தனக்குத்தானே மூன்று காரணம் சொல்லிக்கொண்டாள், மூன்றும் நம்பும்படியாகத்தான் இருந்தன. என்டரைத் தட்டினாள்.

பெயர்கள் இறங்கின. நின்றன. நகர்ந்தன.

சங்கிலிபூதத்தான் வந்து நின்றார். முதுகு பின்னால் சாய்ந்து, முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு கையும் முன்னால் வளைந்து நீண்டிருந்தன, பாரமான ஒன்றை ஏந்திக்கொண்டு படியிறங்குகிறவர் நிற்பதுபோல. கைகளில் ஒன்றும் இல்லை. சட்டைப்பையில் போன் அவளுடைய அழைப்பின் கடைசித் துடிப்பில் அதிர்ந்து அடங்கியது.

"போட்டுட்டேனே" என்றார். "வடிவப் போட்டுட்டேனே."

கோகிலவாணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போன் அடிச்சுது. நீதான்னு தெரியும். ஆட்டோ வாசல்ல நிக்கி. அவள ஏத்திட்டு எடுக்கலாம்னு வெரசலா எறங்குனேன். மூணே படி. மூணே படிதாம்மா."

கைகளை அவர் இறக்கவே இல்லை. மயிலாத்தாள்தான் வந்து அவற்றைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். அவரிடம் எண் வாங்கிக் கோவில்பட்டிக்குப் போட்ட போனைப் பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்தாள். தலையில் அடி, பேச்சு மூச்சு இருக்கிறது, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். கம்பெனிக் காரில் கொண்டுவிடச் சொல்லிக் கோகிலவாணி கத்தினாள். கார் வாடிக்கையாளரிடம் போயிருந்தது. பூதத்தான் அதற்குள் படியிறங்கிச் சிங்காநல்லூருக்கு ஆட்டோ பிடித்துவிட்டார்.

சீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அன்றைக்கு இன்னும் மூன்று தடவையாவது கட்ட வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் அடிக்க மாட்டேன்" என்றாள் கோகிலவாணி.

"அடிக்க வேண்டாம்" என்றார் நவநீதன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "லாக் போட்டுரு. இப்ப வந்த வெர்ஷன் எதுவோ அதையே லாக் பண்ணிட்டா, ஒவ்வொரு தடவையும் புதுசா போய்த் தேடாது. அவரை விட்டுரும்."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது, நியாயம் என்பதைவிட இரக்கமாகப் பட்டது. அந்தக் கருவியில் அப்படி ஒரு வசதி உண்டு: எந்தத் துண்டின் எந்த நிலையை எடுத்தோம் என்று ஒரு ஃபைலில் பூட்டி வைத்தால், பிறகு உலகத்தில் என்ன மாறினாலும், அந்த நிலையேதான் வரும். ஏழு வருஷமாக எத்தனையோ தடவை செய்தது. தன் கையாலேயே எழுதிப் பூட்டினாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பூட்டினாள்.

பகல் இரண்டு மணிக்கு அடுத்த கட்டளை ஓடியது. சங்கிலிபூதத்தான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். முதுகு சாய்ந்து, முழங்கால் மடங்கி, கைகள் வளைந்து.

"போட்டுட்டேனே" என்றார். "வடிவப் போட்டுட்டேனே."

காலையில் வந்ததோ, ஆட்டோ பிடித்ததோ, தாராபுரம் வரை பஸ்ஸில் போனதோ அவருக்குத் தெரியவில்லை. போன் அடித்தது, மூணே படி, என்று அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார், அதே பதற்றத்தில் படியிறங்கி ஓடினார். அந்த வியாழக்கிழமை பதினொன்று இருபதில் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே பூட்டப்பட்டிருந்தார்.

கோகிலவாணி பூட்டைத் திறந்து, புதிய நிலையைக் கொண்டுவா என்று கட்டளை கொடுத்துப் பார்த்தாள். இதைவிடப் புதிய நிலை எதுவும் இல்லை என்று கருவி பதில் சொன்னது. அந்த நிமிஷத்தைத் தாண்டி அவர் போகவே இல்லை, பிறகு எங்கிருந்து வரும் புதியது?

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வடிவு இறந்துபோனாள். மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியிருந்த மகள் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அம்மா கடைசி வரைக்கும் அப்பாவத்தான் கேட்டா. எங்கதான் இருக்காரு அவரு?"

"பஸ்ஸுல வந்துட்டு இருக்காருங்க" என்றாள் கோகிலவாணி. அது பொய் இல்லை. அந்த நேரத்தில் அவர் பல்லடம் தாண்டியிருந்தார்.

பொங்கல் நெருக்கடிக்காக, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்வர் தானாகவே கட்டளையை ஓட்டிக்கொள்ளும்படி நவநீதன் ஏற்பாடு செய்திருந்தார். இனி யாருக்கும் போன் செய்து கேட்க வேண்டியதில்லை அல்லவா. அதனால் பூதத்தான் ஒருநாளும் திண்டுக்கல்லைத் தாண்டவில்லை. ஊர் இதையும் பழகிக்கொண்டது. கோவை–மதுரை வண்டிகளில் கண்டக்டர்கள் அவரைப் பார்த்தவுடனே அந்த ஜன்னலோர சீட்டை ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல் பைபாஸிலோ ஏறப்போகிறவர்களுக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள். சீட்டு திடீரென்று காலியானதும் பக்கத்தில் நிற்கிறவர் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். சிங்காநல்லூர் ஆட்டோக்காரர்கள் கம்பெனி வாசலில் முறை வைத்து நின்றார்கள். மயிலாத்தாள் தண்ணீரோடு காத்திருந்து, வந்தவுடன் கைகளை இறக்கிவிடுவாள். அவள் இல்லாத நேரத்துக்கு, அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கோகிலவாணியை எழுதித்தரச் சொல்லி, பிளாஸ்டிக் உறை போட்டு ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள். யார் பக்கத்தில் இருந்தாலும் பார்த்துப் படித்துவிடலாம்: 'ஐயா, பதற வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கீழே ஆட்டோ நிற்கிறது.'

அதை எழுதியபோது வடிவு எரிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கோகிலவாணி அவரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் அந்த டைல்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நாலு மணி நேரம் ஆனதும் எழுந்து, கைகளை வளைத்து, போட்டுட்டேனே என்றார். அதன் பிறகு அவள் சொல்லவில்லை.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவருடைய இருநூறு வரிக்குப் பதிலாகத் தானே வேறு இருநூறு வரி எழுதுவது. பகல் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதினாள். மாடசாமி, ஈனமுத்து, நல்லதம்பி, ஆண்டிச்சி, முப்பிடாதி என்று தமிழ்நாட்டுப் பெயரையெல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் தடுக்கி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் அவர் முன்பே ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நாற்பது நாள் ஆயிற்று. அனுமதியின்றி வெளியாள் நடமாட்டம் இருக்கிறது என்று தணிக்கைக்கு வந்தவர்கள் குறித்துவிட்டுப் போயிருந்ததால், நவநீதனும் உடனே சரி என்றார். மார்கழிக் கடைசியில் ஒரு காலை, பத்தரை மணி வண்டியில் பூதத்தான் ஏறிப் போன பிறகு, கோகிலவாணி ஒரு வரி அடித்து அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். ஒரு சின்ன வரி. இரண்டு மணிக்குச் சர்வர் கட்டளையை ஓட்டியது. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் யாரும் வரவில்லை. யாரோ கை தட்டினார்கள். வாட்ச்மேன் நோட்டில் அவர் பக்கத்தைக் கோடு போட்டு முடித்தார்.

திண்டுக்கல் பைபாஸில் சீட்டுக்காகக் காத்து நின்றவர் ஏமாந்து, கண்டக்டரிடம் சண்டை போட்டதாகப் பிறகு சொன்னார்கள். பூதத்தான் எழவே இல்லை. வண்டி அவரோடு மதுரைக்குப் போனது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோகிலவாணியின் போன் அடித்தது. கோவில்பட்டி எண். எடுத்தாள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"பூட்டிக் கிடக்கு வீடு" என்றார் கடைசியில். "பக்கத்து வீட்டுல சாவி தந்தாவ. நாப்பது நாள் ஆச்சாம்லா. எனக்கு இன்னைக்குக் காலைலதானம்மா கை நழுவுச்சு."

"சார்... என்னைத் திட்டுங்க சார்."

"திட்டி என்ன செய்ய." பிறகு, வேலையைப் பற்றிக் கேட்கிறவர்போல, நிதானமாக: "என்னய லாக் பண்ணியிருந்தியாமே. எம் மக போன்ல பேசுச்சு, நீ அதுகிட்ட சொன்னதெல்லாம் சொல்லுச்சு. அந்தப் பழைய ஃபைல வச்சிருக்கியா?"

"இல்லீங்க. அழிச்சாச்சு."

"யாரும் அழிக்க மாட்டாவ. எனக்குத் தெரியாதா, நானும் இதே வேலைதான பாத்தேன்."

அந்த ஃபைல் அவள் லேப்டாப்பில்தான் இருந்தது.

"அத வச்சு ஒரு தடவ கமாண்ட அடிம்மா."

"வேண்டாங்க சார். மறுபடி அதே... மறுபடி நீங்க அங்கிருந்தேதான் வருவீங்க."

"அங்கிருந்துதான் வரணும். அப்ப அவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கா. உசிரோட இருக்கா. நான் பஸ்ஸப் பிடிச்சுப் போயிருவேன்னு ஓடிக்கிட்டு இருப்பேன்." குரல் முதல் தடவையாக உடைந்தது. "இங்க வந்து பாரு, இந்த வீட்டுல என்ன இருக்கு? அங்க ஒரு பகல் முழுக்க எனக்கு அவ இருக்கால்லா."

"என்னால முடியாதுங்க."

"ஒரு தடவ என்னயக் கேக்காம அடிச்சேல்லா?" என்றார் அவர். "இப்ப நானே கேக்கேன்."

மறுநாள் காலை அவள் ஆபீசுக்குப் போகவில்லை. விளாங்குறிச்சியில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையல்கட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, பழைய ஃபைலை எடுத்து வைத்து, ஒன்பதரைக்கு அந்த ஒற்றை வரியை அடித்தாள். இப்போது எந்தப் பேருந்துக்கும் எந்தச் சீட்டுக்கும் அவர் தேவையில்லை. இருந்தும் பெயர்கள் இறங்கின, நின்றன, நகர்ந்தன. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், முதுகு சாய்ந்து, முழங்கால் மடங்கி, கைகள் வளைந்து, சங்கிலிபூதத்தான் வந்து நின்றார். "போட்டுட்டேனே" என்றார்.

கோகிலவாணி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். தண்ணீர் கொடுத்தாள். எதையும் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"பதறாதீங்க சார். அம்மா உசுரோட இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கீழ ஆட்டோ நிக்குது, பத்து மணி வண்டியப் பிடிச்சிரலாம்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடி, செருப்பில்லாத காலோடு இரண்டு படி இறங்கியவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

"நீ நல்லா இருப்ப தாயி" என்றார். "எங்க வடிவுகிட்ட ஒன்னயப் பத்திச் சொல்லுதேன்."

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரை அவள் நின்றாள். ஆறு மணிக்கு அவர் கோவில்பட்டியிலிருந்து போன் செய்வார், நாளைக்கும் அடி என்று கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.